மறுபடியும் பஞ்சரா? சைக்கிள் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ஒரே வாரத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டியிருந்தாள். நான்காவது முறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "அண்ணே, டியூப்தான் மோசம் போல. புதுசு மாத்திரலாமா?" என்றாள்.

"இருத்தா, முதல்ல டயரைப் பார்ப்போம்" என்று கழற்றினேன். மூன்று ஒட்டும் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அதற்கு நேராக டயரின் உள்பக்கத்தை விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்து டயருக்குள் இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டு இழை சிக்கி நின்றன. அந்த இடத்தில் டயரை மடக்கினேன். சீமைக்கருவேல முள்ளின் நுனி, எள்ளில் பாதிகூட இருக்காது. வெளியே ஒடிந்துபோய்விட்டது. ஆள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். பிளையரால் பிடுங்கிப் போட்டேன். அதே டியூப்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

எனக்குக் கடை கிடையாது. காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள நாலைந்து தெருவிலும் பள்ளிக்கும் வேலைக்கும் சந்தைக்கும் போகிற சைக்கிள்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். என் அம்மா திருமயம் பக்கத்துக்காரர். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அம்மாவும் அதில் ஒருவர். பாரில் என்னை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே ஆண்கள் சைக்கிளாகப் பார்த்து ஓட்டினார். கடை தூரம் என்பதால் பஞ்சரைத் தானே ஒட்டிக்கொள்வார். பார்த்துப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது.

திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு ஒரே காரணம்தான்: போன தடவை விளைவைச் சரிசெய்தோம், காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டோம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி மேலே போகிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பெரும்பாலும் நம் பக்கம் ஓடும் 28 அங்குலச் சாதா சைக்கிளையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். பம்பு, இரண்டு டயர் லீவர், பல கண் உள்ள சைக்கிள் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், பிளையர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் போதும்.

## ராத்திரி காற்று இருந்தது, காலையில் இல்லை

முதலில் வால்டியூப், அதாவது வால்வைப் போர்த்தியிருக்கும் ரப்பர் குழாய். டயரைத் தொடுவதற்கு முன் காற்றடித்துவிட்டு, வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் பஞ்சரே இல்லை. நம் வெயிலில் அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெடித்துப்போகும், அல்லது பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதில் ஓர் அங்குலம் வெட்டி, எச்சிலில் நனைத்து, காற்று வரும் பக்கவாட்டுத் துளை முழுதாக மூடும்வரை ஏற்றுங்கள். வால்வு நட்டைக் கையால் இறுக்கினால் போதும். சித்திரை, வைகாசியில் என்னிடம் வரும் "பஞ்சர்"களில் பலவும் இதோடு முடிந்துவிடுகின்றன.

குமிழி வரவில்லை என்றால் டியூப். பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி எல்லாம் குறுக்கே நிற்கும். செயின் இல்லாத பக்கம் டயரை லீவரால் தூக்கி டியூபை மட்டும் வெளியே இழுத்தால் போதும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வால்வுக்கு நேராக டயரில் சுண்ணாம்பாலோ சாக்பீஸாலோ ஒரு கோடு போடுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும், வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தில் தேடலாம். இந்தக் கோட்டைப் போடாமல் டியூபை இழுத்துவிட்டால் முள்ளைத் தேடுவது குருட்டாம்போக்காகிவிடும்.

டியூபில் காற்றடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் முக்குங்கள். வழியில் தண்ணீர் இல்லாவிட்டால் உதட்டருகே வைத்துச் சுற்றுங்கள், கைக்குத் தெரியாத காற்றும் உதட்டுக்குத் தெரியும். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்:

- தரையைப் பார்த்த பக்கம் ஒரே ஒரு ஓட்டை: முள், கண்ணாடி, ஆணி. கண்மாய்க் கரை வழியாகவும் ஊருணி ஓரமாகவும் வருகிற வண்டியென்றால் கருவேலமும் நெருஞ்சியும்தான். பஞ்சை வைத்து டயர் முழுவதும் ஒரு சுற்று இழுங்கள். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள், முள் பாதையில் போன டயரில் மூன்று நான்குகூட இருக்கும்.
- ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை: போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறது, அல்லது அதை மூடும் ரிம் டேப் விலகிவிட்டது. நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அரத்தால் ராவிவிட்டு டேப்பைச் சரியாக இழுத்துப் போடுங்கள்.
- பக்கம் பக்கமாக இரண்டு கீறல்: முள் இல்லை. காற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு வேகத்தடையிலோ கல்லிலோ ஏற்றியதில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. பின்னால் ஆள் ஏற்றுகிறவர்களுக்கு அடிக்கடி வரும்.
- வால்வின் அடியில் கிழிசல்: காற்றில்லாமல் ஓட்டி, டயரும் டியூபும் நகர்ந்து, வால்வு சாய்ந்திருக்கிறது. இதை ஒட்ட முடியாது, டியூபை மாற்றத்தான் வேண்டும்.
- பழைய ஒட்டின் ஓரம்: வெயிலில் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். அதன் மேலேயே இன்னொன்று ஒட்டினால் நிற்காது.

ஒட்டும்போது அவசரம்தான் முதல் எதிரி. ஈரம் போகத் துடைத்து, பளபளப்பு மறையும்வரை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். டியூபில் நீளமாக ஓடும் வரம்பு குறுக்கிட்டால் அதையும் மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். வரம்பின் ஓரமாகக் காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரல் பட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் ஒட்டை வைத்து அழுத்துங்கள். ஈரச் சொல்யூஷன் மேல் வைத்த ஒட்டு இரண்டாம் நாள் நழுவும்.

கடைக்குப் போகவேண்டிய கட்டம்: டயரின் நூல் வெளியே தெரிந்தால், பக்கவாட்டில் விரல் நுழையும் கிழிசல் இருந்தால், டயரை மாற்றவேண்டும். அந்த டயருக்குள் எத்தனை புது டியூப் போட்டாலும் வீண். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மத்தியானம் முழுக்கச் சுள்ளென்று வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் சாத்திவைத்த வண்டிக்கும், முகப்பு நிழலில் நின்ற வண்டிக்கும் டயர் வெடிப்பில் வித்தியாசம் ஒரே வருடத்தில் தெரியும்.

## டமார் என்று வெடித்துவிட்டது

டியூபில் நீளமான கிழிசல் இருக்கும், ஒட்ட முடியாது. புதியது போடும் முன் ரிம்மைச் சுற்றி டயரின் கம்பி விளிம்பைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மேலேறி இருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பாதிக் காற்றடித்து, சுற்றிலும் கையால் பிசைந்து, இரண்டு பக்கமும் ஒரே சீராக வந்தபின் மீதிக் காற்றை அடிக்கவேண்டும்.

மோட்டார் வால்வு (பைக், காரில் இருப்பது) உள்ள புது வண்டிகளை நேராகப் பெட்ரோல் பங்குக்கு ஓட்டிப்போய்க் காற்றுப் பிடிக்கிறார்கள். சைக்கிள் டியூபின் கொள்ளளவு சின்னது, கண் இமைக்கும் நேரத்தில் அளவு மீறிவிடும். அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். என்னைக் கேட்டால் கைப் பம்பே போதும்.

## மிதிக்கும்போது "கட்… கட்…"

சத்தம் எப்போது வருகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மிதிக்காமல் விட்டாலும் சத்தம் தொடர்கிறது: இது சக்கரத்து விஷயம். மட்கார்டு கம்பி, தளர்ந்த போக்ஸ் கம்பி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பு என்ற வரிசையில் பாருங்கள்.

மிதிக்கும்போது மட்டும், ஒரு சுற்றுக்கு ஒரு முறை: ஒரு காலை எடுத்துவிட்டு மற்றக் காலால் மட்டும் மிதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் என்றால் முதலில் பெடல். பெடலைத் தாங்கும் இரும்புக் கையான கிராங்கில் அது தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். இடதுபக்கப் பெடலுக்கு மறை தலைகீழ், வழக்கத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் முரட்டுத்தனமாக எதிர்ப்பக்கம் திருகி மறையைத் தின்றுவிட்ட கிராங்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெடல் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றால்: இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக ஆட்டுங்கள். ஒன்று மட்டும் கொஞ்சம் நகர்ந்தால், கிராங்கை நடு ஆக்சிலோடு பிடித்துவைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் நடு ஆக்சிலின் கப்பு தளர்ந்திருக்கிறது.

காட்டர் பின்னைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் வண்டியைப் பாழாக்குகிறார்கள். பின் தளர்ந்ததும் எல்லோரும் அதன் நட்டை முறுக்குகிறார்கள். நட்டு பின்னைப் பிடித்துவைக்கத்தான், இழுத்து இறுக்க அல்ல. முறுக்கினால் மறை அறுந்துபோகும். பின்னின் தலையில் சுத்தியலால் அடித்து உள்ளே ஏற்றி, அப்புறம் நட்டைப் போடவேண்டும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டையோ கனமான கட்டையையோ தரையிலிருந்து முட்டுக்கொடுக்கவேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளான பால்ரஸுக்குப் போய்க் கப்பில் குழி விழும். சத்தத்தைப் போக்கப் போய் வேறு சத்தத்தை வாங்கிவந்த கதையாகிவிடும்.

சென்ற மழைக்கு முன் பால் ஊற்றுகிற ஒருவர் கொண்டுவந்த வண்டியில் பின்னைத் தட்டி எடுத்தேன். அதன் சரிந்த பக்கம் கண்ணாடிபோல் மட்டமாக இருக்கவேண்டும். நடுவில் நகத்தால் நிரடினால் படிக்கட்டுபோல் ஒரு பள்ளம். ஆக்சிலின் விளிம்பு அதில் வந்து வந்து இடித்திருக்கிறது. "ரெண்டு மாசமா கட்டுக் கட்டுங்குது தம்பி, ஓடுதேன்னு விட்டுட்டேன்" என்றார். பின் அற்பக் காசுதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் கிராங்கின் துளையும் முட்டை வடிவமாகிவிட்டதால் கிராங்கையே மாற்ற நேர்ந்தது. இந்தச் சத்தம் கேட்ட அன்றே இறங்கிப் பாருங்கள்.

புதுப் பின் போட்டபின் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். கோணலாக நின்றால் ஒரு பின் திசை மாறிப் போயிருக்கிறது. ஒரு பக்கம் நட்டு மேலே பார்த்தால் மறுபக்கம் கீழே பார்க்கவேண்டும். புதுப் பின் நாலைந்து நாள் ஓட்டத்தில் உட்காரும், மறுபடி ஒருமுறை அடித்து இறுக்குங்கள். புது சைக்கிளுக்கும் இதே விதிதான். பின் இல்லாமல் நடுவில் போல்ட் உள்ள கிராங்க் என்றால் அந்த போல்ட்டை இறுக்கினால் போதும்.

கடைக்குப் போகவேண்டிய கட்டம்: ஆக்சில் கப்பு. இதற்குத் தனி ஸ்பேனர் வேண்டும், வலதுபக்கக் கப்புக்கு மறையும் தலைகீழ். உள்ளே பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலப் பால்ரஸ் இருக்கும். மிதிக்கும்போது உள்ளே மணல் அரைப்பதுபோல் இருந்தால் ஓவராயில் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

## செயின் கழன்று கழன்று விழுகிறது

கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழுமாக மொத்தம் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் என்றால் தொய்வு. பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, செயின் அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் சம அளவு திருகிச் சக்கரத்தைப் பின்னால் இழுங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் சக்கரம் கோணலாகும், செயின் அதனாலேயே விழும். பெடலை முழுச் சுற்றுச் சுற்றி, எந்த இடத்தில் செயின் அதிக இறுக்கமாக வருகிறதோ அந்த இடத்தில் வைத்துத்தான் தொய்வைச் சரிபார்க்கவேண்டும்.

இழுத்தும் விழுகிறதா? செயினுக்கு வயதாகியிருக்கும். இரும்பு ஸ்கேலை வைத்து அளங்கள். செயினின் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், ஆகவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, கூடியிருந்தால் மாற்றுங்கள். பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல் கூர்ந்து சுறாப் பல் மாதிரி ஆகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றவேண்டிவரும்.

தாவணி, சேலை, வேட்டி கட்டி ஓட்டுகிறவர்கள் செயின் கவர் தளர்ந்திருந்தால் அன்றே இறுக்குங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கியர் வண்டியில் செயின் விழுந்து, பின்னால் கியர் தொங்கும் கொக்கி வளைந்திருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். அது கடை வேலை.

## பெடல் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

செயின் மாட்டியிருக்கிறது, காலுக்கு மட்டும் பிடிப்பே இல்லை. ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்னக் கொக்கிகள் அழுக்கில் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் சேற்றில் ஓட்டிய வண்டிகள் மார்கழியில் இதோடு வரும்.

வண்டியைச் செயின் பக்கம் மேலே வருமாறு படுக்கப்போட்டு, ஃப்ரீவீலின் சுற்று இடுக்கில் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு, பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். கறுப்புத் தண்ணீர் வடியும். தெளிவாக வரும்வரை விட்டு, காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் சில சொட்டு. கிரீஸ் வேண்டவே வேண்டாம், கொக்கி மறுபடி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் நாள்பட்டால் பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் பின் ரிம்மில் பட்டால் பிரேக் வழுக்கும், துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

"க்ளிக் க்ளிக்" சத்தம் சீராகத் திரும்பி வந்தால் சரி. வரவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. கடையில் கொடுத்து ஃப்ரீவீலையே மாற்றுங்கள். அதுவரை ஓட்டாதீர்கள். எழுந்து நின்று அழுத்தும் நேரத்தில் பிடிப்பு விட்டால் நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதும்.

## பிரேக் பிடிக்கவில்லை

- ரிம்மில் எண்ணெயா? செயினுக்கு எண்ணெய் விட்ட மறுநாள் பிரேக் போனால் இதுதான். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.
- பிரேக் கட்டை தேய்ந்துவிட்டதா? ரப்பர் தீர்ந்து இரும்புக் கூடு ரிம்மை உரசினால் "கீச்" என்று கத்தும். கட்டையை உடனே மாற்றுங்கள்.
- கட்டை நன்றாக இருந்தும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிறதா? கம்பி பிரேக்கில் இரண்டு கம்பிகள் சேருமிடத்து நட்டு நழுவியிருக்கும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே சாதத் தட்டு ஓரம் அளவு இடைவெளி விட்டு இறுக்குங்கள். ஒயர் பிரேக் என்றால் ஒயரின் முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் ஒயரை மாற்றவேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் மழையில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது கோளாறில்லை. இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு மிகவும் குறையும். முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள்.

## சக்கரம் ஆடுகிறது

வண்டியைத் தூக்கி ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். "டக் டக்" என்றால் ஹப்புக் கோன் (பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் திருகு) தளர்வு. இரண்டு மெல்லிய ஸ்பேனர் இருந்தால், ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கலாம்.

ஆட்டமில்லை, சுற்றினால் மட்டும் வளைந்து போகிறது என்றால் பெண்டு. ஒவ்வொரு போக்ஸ் கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று பேசும், தளர்ந்தது மொட்டையாகச் சத்தம் கொடுக்கும். சாதா சைக்கிளில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40 கம்பி. ஒடிவது பெரும்பாலும் பின்னால், ஃப்ரீவீல் பக்கம். அந்தப் பக்கக் கம்பிகள்தான் கூடுதல் இறுக்கத்தில் நிற்கின்றன. கேரியரில் அரிசி மூட்டை ஏற்றுகிற வண்டிகளில் மாதம் ஒருமுறை தட்டிப்பாருங்கள். தளர்ந்த கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளைக் கால் சுற்று மட்டும் திருகிச் சரிபார்க்கலாம். கம்பி ஒடிந்திருந்தால், அல்லது ரிம்மே நசுங்கியிருந்தால், பெண்டு எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் இன்னும் பின்சக்கரத்துப் பெண்டைக் கடையில்தான் எடுக்கிறேன். அதற்குக் கண்ணும் கையும் பல வருடம் பழகவேண்டும்.

28 அங்குல வண்டிக்குச் சாமான் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பள்ளத்தூரை ஊராகக் கொண்ட முருகப்பா குடும்பத்தார் 1949-ல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்து வடிவம் பெரிதாக மாறவில்லை. பின், கட்டை, கோன், கம்பி எல்லாம் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கின்றன. தாத்தா காலத்து வண்டி வளவில் தூசி படிந்து நின்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

## மிதிக்கப் பாரமாக இருக்கிறது

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்வந்தால் முழங்கால் வலிக்கிறது என்பவர்கள் முதலில் காற்றைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் பள்ளமாகக் கூடாது. அப்புறம் செயின். காய்ந்து சிவந்திருந்தால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். அடுத்தது சீட்டு. உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீளவேண்டும். பிள்ளைகள் வளர்ந்தும் சீட்டு ஏழாம் வகுப்பு உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தினாலே பாதிப் பாரம் போய்விடும். சீட்டுக் கம்பியில் அச்சிட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தாதீர்கள்.

இதெல்லாம் சரியென்றால், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெல்லச் சுற்றிவிடுங்கள். உரசும் சத்தம் வந்தால் பிரேக் கட்டை. சத்தமில்லாமல் வெடுக்கென்று நின்றால் கோன் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. நல்ல சக்கரம் நிற்கப்போகும் நேரத்தில் ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆடி, வால்வின் சின்ன எடைக்கே இழுபட்டு, வால்வு கீழே வருமாறு நிற்கும்.